உன் சங்கத்துப் பொன்னாடை எனக்கு வேண்டாம்

அன்புள்ள மகனுக்கு,

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தேன். அடித்துவிடலாமா என்று தோன்றியது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உன்மேல் அன்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, மற்றதற்குத்தான் குறைச்சல். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்றே பேச்சை முடித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உறையை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்புகிறேன். உன் சங்கத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வைத்துவிட்டுப் போன அழைப்பிதழ் இன்னும் சாப்பாட்டு மேஜைமேல்தான் கிடக்கிறது. நல்ல வழவழப்பான தாள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளின் பாதுகாப்பு அலுவலர்கள் எல்லாரும் சேர்ந்து நடத்துகிற சங்கம், அதற்கு நீ புதுச் செயலாளர். முன்பக்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு உன் படம். பெற்றவள் பெருமைப்படாமல் இருப்பாளா? நானும் பெருமைப்பட்டேன், ஒரு அரை மணி நேரம். உள்ளே நிகழ்ச்சி நிரலில் ஏழாவது இடத்தில் என் பெயர், 'ஓய்வுபெற்ற தொழிற்சாலைச் செவிலியருக்குப் பொன்னாடை' என்று. பின்பக்கம் சங்கத்தின் நோக்கமும் விழுமியங்களும். காலையில் வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் மாலையில் முழு உடம்போடு வீடு திரும்ப வேண்டும், அதுதான் நோக்கமாம். விழுமியங்கள் நான்கு: நேர்மை, அக்கறை, பொறுப்பு, வெளிப்படைத்தன்மை. இதில் 'அக்கறை' நான் எடுத்துக் கொடுத்த சொல். லேப்டாப்பை வைத்துக்கொண்டு இதே மேஜையில் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் எப்படிப் போடுவது என்று நீ தலையைச் சொறிந்துகொண்டிருந்தாய். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அக்கறை என்று போடேன், மெஷின் லைனில் நிற்கிறவனுக்கும் புரியும் என்றேன். "சூப்பர்மா" என்று சொல்லிவிட்டு டைப் அடித்தாய். அந்தச் சொல்லை உனக்குக் கொடுக்கிற யோக்கியதை எனக்கு இருந்ததா என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அழைப்பிதழைக் கொடுத்த கையோடு சாப்பிட உட்கார்ந்தாய். பாதிச் சாப்பாட்டில் போன் வந்தது. இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு நீ பேசியதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன். "காலையில வண்டி அனுப்புங்க. மாத்தூர்ல கோழிக்கடைக்கு மேல ரூம், முனியசாமின்னு கேளுங்க. கூட்டினு வந்து உக்கார வைங்க. பஞ்ச் மட்டும் பண்ணட்டும், போதும்." போனை வைத்துவிட்டு ரசம் கேட்டாய். யாருக்குப்பா என்ன என்று கேட்டேன். "ஒண்ணும் இல்லம்மா, சின்ன அடி, கட்டைவிரல்" என்றாய். நான் ரசம் ஊற்றினேன். நீ கிளம்பிப் போன பிறகு பாத்திரம் கழுவப் போனேன். அப்படியே போட்டுவிட்டு வந்து படுத்தேன்.

இதைப் படிக்கிற வெளியாட்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். எல்லாத் தொழிற்சாலை வாசலிலும் ஒரு பலகை இருக்கும். விபத்தில்லாமல் கழிந்த நாட்கள் இத்தனை என்று அதில் தினமும் எண்ணை மாற்றுவார்கள். ஒருவனுக்கு அடிபட்டு, மறுநாள் அவன் வேலைக்கு வர முடியாமல் போனால் அந்த எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அரசாங்கத்துக்கு எழுத வேண்டும், தலைமை அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், விருது கிடைக்காது. ஆனால் மறுநாள் அவன் வந்துவிட்டால்? வந்து மெஷினில் விரலையோ கார்டையோ வைத்து வருகையைப் பதிந்துவிட்டால், அது விபத்தே இல்லை, முதலுதவி. அதனால் அடிபட்டவனை அவன் ரூமுக்கே கார் அனுப்பித் தூக்கி வருவார்கள். பஞ்ச் பண்ண வைத்து, முதலுதவி அறையில் எட்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுவார்கள். கார் எல்லாம் வருகிறதே என்று அவனுக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் மரியாதையாகக்கூட இருக்கும். யார் கண்டுபிடித்தார்களோ, எங்கள் காலத்திலேயே இது ஊறிப்போன பழக்கம். அந்த முதலுதவி அறை என்னுடையது. பத்தொன்பது வருஷம் அந்த அறையில் நான்தான் சிஸ்டர்.

இசக்கிமுத்து என்ற பெயரை நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். நான் சொன்னதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு வந்தவன். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயது இருக்கும். பிரஸ் மெஷினில் ஆபரேட்டர். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அந்த மெஷின் கீழே இறங்கும். கை உள்ளே போகக்கூடாது என்பதற்காகத்தான் மெஷின் செய்தவன் அப்படி வைத்திருக்கிறான். டார்கெட் வரவில்லை என்று ஒரு பட்டனை டேப் போட்டு அமுக்கி ஒட்டி வைத்திருந்தார்கள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் பீஸை எடுக்கலாம், வேகமாக இருக்கும். சூப்பர்வைசருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். வலது கையில் நடுவிரலும் மோதிரவிரலும் நசுங்கிவிட்டன. பக்கத்து கிளினிக்கில் தையல் போட்டுக் கட்டி அனுப்பினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் எப்படி நடந்தது என்று கேட்பார்கள், எழுதுவார்கள், அதனால் கிளினிக். மறுநாள் காலை கார் போய் அவனை ஏற்றிக்கொண்டு வந்தது. இடது கையால் பஞ்ச் பண்ணிவிட்டு என் அறைக்கு வந்தான். "சிஸ்டர், இங்க உக்காரச் சொன்னாவ" என்று நின்றான். நான் கட்டிலைக் காட்டினேன்.

பதிவேட்டில் நான்தான் எழுதினேன். 'வலது கை விரலில் சிறு கீறல். முதலுதவி அளிக்கப்பட்டது. பணிக்குத் திரும்பினார்.' யாரும் கையைப் பிடித்து எழுத வைக்கவில்லை. மேனேஜர் நேரில் வந்துகூடச் சொல்லவில்லை, இன்டர்காமில் ஒரு தடவை சொன்னார். அதற்கு முன்னால் எத்தனையோ பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். உண்மையிலேயே கீறலாக இருந்தது பாதி, இல்லாதது பாதி. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று ஆடிட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். கழுதை, அந்தக் கையெழுத்தை நினைத்தால் இப்போது எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

எட்டு மணி நேரம் ஒருவன் எதிரில் உட்கார்ந்திருந்தால் பேசாமல் இருக்க முடியுமா. இரண்டாவது நாளே சிஸ்டர் போய் 'அக்கா' ஆகிவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை, அம்மைக்குத் தெரிந்தால் பஸ் ஏறி வந்துவிடுவாள் என்றான். நீ அப்போது தண்டலத்துப் பக்கம் பாலிடெக்னிக்கில் முதல் வருஷம். இன்ஜினியரிங் டிராயிங் வரவில்லை என்று வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். அவனிடம் சொன்னேன். கொண்டு வாங்கக்கா பார்ப்போம் என்றான். உன் தாள்களைப் பையில் மடித்து எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கட்டையை மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும், பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று மாத்திரை டப்பாவை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினான். பிறகு இடது கையால் பென்சில் பிடித்து வரைந்து காட்டினான். கோடு நேராக வராது, நான் ஸ்கேலைப் பிடித்துக்கொள்வேன். நான்கு நாளில் ஆறு தாள். அதைப் பார்த்துவிட்டு நீ என்ன சொன்னாய் தெரியுமா? யாரும்மா இது, ஒண்ணாங்கிளாஸ் பையன் போட்ட மாதிரி கோணல் கோணலாக என்று சிரித்தாய். கம்பெனியில் ஒரு அண்ணன் என்று சொல்லி நானும் சிரித்தேன். அந்தத் தாளைப் பார்த்துத்தான் நீ படித்தாய், பாஸும் பண்ணினாய். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பை மட்டும் இன்னும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐந்தாவது நாள் கட்டுப் பிரித்தபோது வாடை வந்தது. செவிலியர் படிப்பில் அதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, ஒரு தரம் முகர்ந்தால் ஆயுசுக்கும் மறக்காது. விரல் நுனி நிறம் மாறியிருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "வாடை அடிக்கில்லா அக்கா?" என்றான். மருந்து வாடைதான் என்று சொல்லிவிட்டு, கட்டைப் போட்டுவிட்டு, மேனேஜர் அறைக்கு ஓடினேன். அன்று பாதுகாப்பு வாரத்தின் முதல் நாள். வாசலில் கொடியேற்றம், தோரணம், கோலப் போட்டி, வாசகப் போட்டி. மறுநாள் விருதுக்காகப் பார்வையிட வெளியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மேனேஜர் கெட்டவர் இல்லை. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டுக்குத் தெரியாமல் நிறையப் பேருக்கு உதவி செய்தவர். "சிஸ்டர், நாளைக்கு ஒரு நாள் தாங்க. டீம் வந்து பாத்துட்டுப் போயிடட்டும். அப்பறம் நானே வண்டி போட்டு எங்க வேணா அனுப்பறேன்" என்றார். சரி சார் என்றேன். அப்போதே அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போயிருக்கலாம். செக்யூரிட்டி தடுத்திருக்கவே மாட்டார். நான் அதை நினைத்துப் பார்க்கக்கூட இல்லை என்பதுதான் நிஜம்.

மறுநாள் காலை ஸ்பீக்கரில் உறுதிமொழி சொன்னார்கள். மைதானத்தில் எல்லாரும் வலது கையை நீட்டிச் சொல்ல வேண்டும். என் அறையில் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரை ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் அவனைப் படுக்க வைத்து இழுத்துவிட்டிருந்தேன். உள்ளிருந்து முணுமுணுப்புக் கேட்டது. எட்டிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு அவனும் சொல்லிக்கொண்டிருக்கிறான், என் பாதுகாப்பு, என் சக தொழிலாளியின் பாதுகாப்பு என்று. என்னடா என்றேன். தினமும் சொல்லிச் சொல்லி வாய் அதுபாட்டுக்குச் சொல்லுது என்றான்.

பதினோரு மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். எந்தச் சங்கத்திலிருந்து என்று நான் சொல்ல வேண்டுமா? இன்றைக்கு நீ செயலாளராக உட்காரப் போகும் அதே சங்கம். நல்ல படித்த மனிதர்கள். முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு மருந்தின் காலாவதித் தேதியையும் பார்த்தார்கள். கண் கழுவும் குழாயைத் திறந்து பார்த்தார்கள். பதிவேட்டைப் புரட்டி என் கையெழுத்தைப் பாராட்டினார்கள். போகிற போக்கில் அதில் வயதானவர் ஒருவர் திரையைப் பார்த்தார். "உள்ள யாரும்மா?" என்றார். அந்த ஒரு நொடி எனக்குக் கொடுக்கப்பட்ட நொடி. அந்தத் திரையை விலக்குவதற்கு எனக்கு ஒரு கை போதும். "ஒரு ஆபரேட்டர் சார். தலைவலின்னு படுத்திருக்கார்" என்றேன். அவர் தலையாட்டினார். நான் சொன்னது போதாதென்று, உள்ளேயிருந்து அவனும் சொன்னான். "ஆமா சார், தலவலி." என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று அந்தக் காய்ச்சலிலும் நினைத்திருக்கிறான். அவர்கள் என் அறைக்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டுக் கேன்டீனைப் பார்க்கப் போனார்கள்.

அன்று மாலை மேனேஜர் சொன்னபடியே வண்டி அனுப்பினார். ரூமில் அடிபட்டதாகச் சொல்லிச் சேர்த்த ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரலையும் எடுத்தார்கள். அது போதவில்லை என்று நான்கு நாள் கழித்து உள்ளங்கையில் ஒரு பகுதியையும் எடுத்தார்கள். ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் யூனிஃபாரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இந்த முறை அம்மைக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த அம்மாள் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்கதான் பிள்ளையைப் பார்த்துக்கிட்டீகளாம், நல்லா இருப்பீக என்று சொன்னாள். நான் கையை உருவிக்கொள்ளவில்லை. உருவிக்கொண்டிருந்தாலாவது அவளுக்கு ஏதாவது புரிந்திருக்கும்.

அந்த வருஷம் சிறந்த முதலுதவி மையத்துக்கான கேடயம் எனக்குக் கிடைத்தது. பொன்னாடையும் உண்டு. கேடயத்தை நீதான் ஷோகேஸில் டி.வி.க்கு மேலே வைத்தாய். அதைப் பார்த்து வளர்ந்துதான் இந்தத் துறைக்கே வந்தேன் என்று போன வருஷம் ஏதோ மேடையில் பேசி, வீடியோவை எனக்கு அனுப்பினாய். நீ அதைச் சொன்னபோது கைதட்டினார்கள். வீட்டில் தனியாக உட்கார்ந்து அதை நான் மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் சூப்பர்டா என்று பதில் அனுப்பினேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருஷம் கழித்து இசக்கிமுத்து ஒரு நாள் கேட்டுக்கு வந்து என்னைக் கூப்பிட்டனுப்பினான். முழுக்கைச் சட்டை போட்டு வலது கையைப் பாக்கெட்டில் வைத்திருந்தான். ஊனத்துக்கான உதவி கேட்டு விண்ணப்பித்திருக்கிறான். அந்த அலுவலகத்தில் கம்பெனிப் பதிவேட்டைக் கேட்டிருக்கிறார்கள். அதில் சிறு கீறல் என்றுதான் இருக்கிறது, அதுவும் என் முத்துக் கையெழுத்தில். வேலை நேரத்தில் மெஷினில்தான் விரல் போனது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. "உங்களுக்குத் தொந்தரவுன்னா வேண்டாம்க்கா" என்றும் சொன்னான். எனக்கு ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன. அடுத்த வாரம் வாப்பா, யோசித்து எழுதி வைக்கிறேன் என்றேன். சரிக்கா என்று சொல்லி, தம்பி படிக்கிறானா என்று உன்னைப் பற்றி விசாரித்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. வராததில் எனக்கு நிம்மதியாக இருந்தது. உன் அப்பா இருந்திருந்தால் அவரிடமாவது சொல்லி அழுதிருப்பேன். யாரும் இல்லாததால் அழவும் இல்லை.

இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு உனக்கு நான் புத்தி சொல்லி வளர்த்தேன். பொய் சொல்லாதே என்று ஸ்கேலால் அடித்திருக்கிறேன். நீ கேட்கலாம், இத்தனை வருஷம் வாயைத் திறக்காதவளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று. நியாயமான கேள்விதான். எனக்கு அறுபத்தெட்டு ஆகிறது, சர்க்கரை, மூட்டுவலி எல்லாம் சரியான நேரத்துக்கு ஆஜராகிவிட்டன. ஆனால் அதற்காக இல்லை. செய்தது நான் என்ற வரைக்கும் ஏதோ ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டு இருந்துவிட்டேன். ரசம் கேட்ட அதே குரலில் நீ அதைச் செய்யச் சொன்னதைக் கேட்டபோதுதான் தாங்கவில்லை. நான் செய்யும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்தது. உனக்கு அதுகூட இல்லை. பழக்கமாகிப்போன வேலை மாதிரிச் சொன்னாய். எங்கிருந்து கற்றுக்கொண்டாய் என்று கேட்கவும் எனக்கு வாய் இல்லை.

சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது வயிற்றெரிச்சல். மருந்தின் தேதியைப் பார்த்தார்களே, அதுவும் வேண்டிய வேலைதான். ஆனால் உங்கள் நோக்கத்தை எழுதுகிற தாளும், என் மாதிரி ஒருத்தி பதிவேட்டில் எழுதுகிற தாளும் ஒரே கட்டடத்துக்குள்தான் இருக்கின்றன. நீங்கள் அழைப்பிதழின் பின்பக்கத்தைப் படிக்கிறீர்கள். நான் எழுதிய பக்கத்தை யாரும் படித்துக் கேள்வி கேட்டதில்லை. அந்தப் பெரியவர் திரையைப் பார்த்தாரே, அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறாய்? பாதுகாப்பு வாரத்தில், பகல் பதினோரு மணிக்கு, தலைவலிக்குத் திரை போட்டுப் படுக்க வைக்கிற கம்பெனியை அவர் எங்கே பார்த்திருப்பார்? அவருக்கும் அவர் கம்பெனியில் ஒரு திரை இருந்திருக்கும். நீங்கள் எல்லாரும் ஒருவர் திரையை இன்னொருவர் விலக்காமல் இருப்பதற்காகத்தான் சங்கம் வைத்திருக்கிறீர்களோ என்று சில சமயம் எனக்குத் தோன்றுகிறது. தப்பு என்றால் வந்து சொல், கேட்டுக்கொள்கிறேன்.

புத்தி என்று சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். மேனேஜர் கெட்டவராக இருந்தால் எதிர்த்து நிற்பது சுலபம், நல்லவர் தயவாகக் கேட்கும்போதுதான் கால் வழுக்கும். ஒரு நாள்தானே என்று யாராவது சொன்னால் அந்த ஒரு நாள் யாருடைய உடம்பில் கழியப் போகிறது என்று பார். அடிபட்டவன் உன்னைத் திட்டவில்லை என்பதை நீ செய்ததற்கான சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதே. அவர்கள் ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்து, ஒரு ரூமில் ஆறு பேராகப் படுத்துக்கொண்டு, கான்ட்ராக்ட் புதுப்பிப்பார்களா என்று காத்திருக்கிறவர்கள். அவர்கள் "பரவால்ல சார்" என்பது உன்மேல் உள்ள மரியாதையால் என்று நினைத்தால் உன்னைப் போல முட்டாள் கிடையாது.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன். திங்களும் செவ்வாயும் யோசித்தே போய்விட்டன. உனக்குப் போன் பண்ணி, ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று சொல்லலாமா என்று எடுத்து எடுத்து வைத்தேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஃபங்ஷன் முடியட்டும்மா என்பாய். நானும் சரி என்று சொல்லிவிடுவேனோ என்று என்மேலேயே எனக்குப் பயம் வந்தது. அதனால் போன் பண்ணவில்லை. நேற்று, புதன்கிழமை சாயந்திரம், உன் கம்பெனி கார் அவரைத் திரும்பக் கொண்டு வந்து விடுகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி, ஸ்ரீபெரும்புதூரில் பஸ் ஏறி மாத்தூரில் இறங்கினேன். கோழிக்கடையைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமாக இல்லை. மாடிப்படி செங்குத்தாக இருந்தது, மூட்டு ஒவ்வொரு படிக்கும் ஒரு தரம் கூப்பிட்டது.

முனியசாமி பாயில் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ராமநாதபுரத்துக்காரர், முப்பது வயது இருக்கும். ரூமில் மற்றவர்கள் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள். நான் நர்ஸ், கையைப் பார்க்க வந்தேன் என்றேன். கம்பெனியிலிருந்தா என்று கேட்டார். பதில் சொல்லாமல் கட்டைப் பிரித்தேன். கட்டைவிரலும் அதற்குக் கீழே மேடும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. மணிக்கட்டுக்கு மேலே சிவப்பாகக் கோடு ஏறத் தொடங்கியிருந்தது. எத்தனை நாளாகக் குளிர் அடிக்கிறது என்று கேட்டேன். நேத்திலிருந்துதான் என்றார். யாரிடமும் சொல்லவில்லையா என்றேன். "சார் நல்ல மனுசம்மா. தினமும் வண்டி அனுப்புறாரு. விழா இருக்காம், அதுவரைக்கும் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துருவோம்னு இருக்கேன்" என்றார். என் பிள்ளையைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொல்லக் கேட்டு நான் வெட்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

ஆட்டோ பிடித்து ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம், வேலை போய்விடும்மா, சின்னப் பிள்ளை ரெண்டு இருக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தார். போகாது என்று நான் சொல்லவில்லை, எனக்கு எப்படித் தெரியும். கை போனால் எல்லாமே போய்விடும் என்று மட்டும் சொன்னேன். டாக்டர் சின்னப் பெண். கையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டு அட்மிஷன் எழுதினாள். விரல் தங்குமா என்று இரண்டு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும், கைக்குப் பயமில்லை, இன்றைக்கு வந்ததால் பிழைத்தது என்றாள். எங்கே அடிபட்டது என்று கேட்டாள். முனியசாமி என்னைப் பார்த்தார். வீட்டில் விழுந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சொல்வதற்கு முன்னால் நான் சொன்னேன். வேலை நேரத்தில், மெஷினில் அடிபட்டது என்றேன். கம்பெனிப் பெயர், பிரிவு, மூன்று நாளாக முதலுதவி அறையில் உட்கார வைத்திருந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் எழுதினாள். அவள் கையெழுத்து ஒன்றும் அழகாக இல்லை.

இசக்கிமுத்துவுக்குத் தர வேண்டிய தாளையும் இன்று காலை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவன் ஊரின் பெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும், தெருவும் தெரியாது, வீடும் தெரியாது. நேரில் போய்த் தேட வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் ஊரில் இருக்க மாட்டேன். நிகழ்ச்சி நிரலில் ஏழாவதை அடித்துவிடு.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது ஆஸ்பத்திரித் தகவலும் உன் கம்பெனிக்கு வந்துகொண்டிருக்கும். அது வருவதற்கு முன்னால் நீயே உன் கையால் விபத்து அறிக்கையை எழுதி அனுப்பலாம். அதற்கு உனக்கு அநேகமாக ஒரு பகல் இருக்கிறது. பலகையில் எண் பூஜ்யத்துக்கு வரும். செயலாளர் பதவி போகலாம், வேலையும் போகலாம். அப்படிப் போனால் இங்கே வா, சோறு போடுகிறேன். எழுத மாட்டேன் என்றால் அதையும் நீதான் முடிவு பண்ண வேண்டும், உனக்காக எழுத இந்த முறை நான் அந்த அறையில் இல்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாரோ சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டாம். அட்மிஷன் தாளில் நோயாளியை அழைத்து வந்தவர் யார் என்று ஒரு கட்டம் இருந்தது. என் பெயரைச் சொன்னேன். நோயாளிக்கு என்ன உறவு என்று கேட்டாள். உறவு இல்லை என்றேன். அப்படியென்றால் நீங்கள் யார், எப்படி உங்களுக்குத் தெரியும் என்றாள். முனியசாமியும் என் முகத்தைப் பார்த்தார். அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி என் மகன், அவனுடைய அம்மா என்று எழுதிக்கொள்ளம்மா என்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா